இரும்பில் ஒரு தச்சு வேலை

சிவில் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் 1779-ல் எழுப்பிய அயர்ன் பிரிட்ஜ்தான் உலகின் முதல் இரும்புப் பாலம் என்று வகுப்பில் சொன்னார்கள். அதில் ரிவெட் ஆணி இல்லையாம், வெல்டிங் இல்லையாம், மேசை நாற்காலி செய்வதுபோல் மர மூட்டுகள்தானாம். இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாததால்தான் அப்படிச் செய்தார்களா? அப்படியானால் இத்தனை வருடம் எப்படி நிற்கிறது?"

இதற்குப் பதில் எழுத எனக்குச் சொந்தமாகவே ஒரு காரணம் உண்டு. என் அப்பா கோயம்புத்தூர் பவுண்டரி ஒன்றில் பேட்டர்ன் செய்த தச்சர். பம்பு செட்டின் இரும்பு உடம்பு உருகிய உலோகமாக அச்சுக்குள் இறங்குவதற்கு முன்னால், அதே உருவம் மரத்தில் அவர் கையால் செய்யப்பட்டிருக்கும். மணலில் அந்த மரத்தைப் பதித்து எடுத்தால்தான் அச்சு. அவர் பையில் இரண்டு அளவுகோல் இருக்கும். ஒன்று நம் எல்லோரிடமும் இருப்பது. இன்னொன்றில் ஓரடி என்று போட்டிருக்கும் இடத்தை அளந்து பார்த்தால் ஓரடியும் அரைக்கால் அங்குலமும் இருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும்; அந்தச் சுருக்கத்தை மரத்திலேயே கூட்டி வைக்க வேண்டும். சின்ன வயதில் அந்தக் கோலை எடுத்து வீட்டுப்பாடத்துக்குக் கோடு போட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பாலத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது இரும்பு அல்ல, அப்பாவின் பட்டறைதான். ஆகவே சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூட்டுகளில் இருப்பது அறியாமை இல்லை. அந்தப் பாலத்தின் துண்டுகளை விவரமாக வரைந்தவர் தாமஸ் கிரெகரி என்ற பேட்டர்ன் தச்சர். கோல்புரூக்டேல் இரும்பாலையில் பேட்டர்ன் பிரிவின் மேஸ்திரி அவர். தன் கைக்குத் தெரிந்த வேலையை, அந்த உலோகத்துக்குப் பொருந்தும் இடத்தில் பொருத்தமாகவே போட்டார். இனி விரிவாகப் போகலாம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். செவர்ன் பிரிட்டனின் மிக நீளமான ஆறு. வேல்ஸ் மலையில் பிறந்து, ஷ்ராப்ஷர் மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு, தெற்கே பிரிஸ்டல் கால்வாயில் கலக்கிறது, ஏறக்குறைய 354 கிலோமீட்டர். ஷ்ராப்ஷரில் ஓரிடத்தில் ஆறு ஒடுங்கிய ஆழமான பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, இன்று முழுக்கப் பச்சை மரம். காலையில் ஆற்றின் மேல் பனி தங்கி நிற்கும்போது பாலத்தின் வளைவும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் சேர்ந்து ஒரு முழு வட்டமாகத் தெரியும். ஆனால் 1770-களில் அங்கே போயிருந்தால் அழகு என்று சொல்ல வாய் வந்திருக்காது. புகை, உலை, சுண்ணாம்புக் காளவாய், நிலக்கரிக் குவியல். பனியுக முடிவில் உருகிய பனிநீர் அறுத்த பள்ளத்தாக்கு அது; அறுத்ததில் நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், களிமண் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் வெளியே வந்துவிட்டன. இரும்பு உருக்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே கோல்புரூக்டேலில், பிரிஸ்டலிலிருந்து வந்து குத்தகைக்கு உலை எடுத்தவர் ஆபிரகாம் டார்பி. மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை வாங்கியவர். அதுவரை இரும்புத்தாதை உருக்க மரக்கரிதான். மரக்கரி வேண்டுமென்றால் காடு வேண்டும். நிலக்கரியை அப்படியே போட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பில் ஏறி அது நொறுங்கிப் போகும். டார்பி 1709-ல் நிலக்கரியை முன்பே சுட்டு கோக் ஆக்கி அதைக் கொண்டு உருக்கிக் காட்டினார். எங்கள் ஊர்ப் பவுண்டரிகளில் இரும்பு உருக்கும் குப்போலா உலைக்குள் கூடை கூடையாகக் கொட்டிய அதே கோக். கோக் மரக்கரியைவிடக் கெட்டி. மேலே ஏற்றும் தாதின் பாரத்தில் பொடிந்து போகாது. அதனால் உலையை உயரமாகக் கட்டலாம், இரும்பு மலிவாகும். பாலத்தைக் கட்டியது இவரல்ல, இவர் பேரன், அதே பெயர்க்காரர், மூன்றாம் ஆபிரகாம் டார்பி. பாடப்புத்தகங்களில் இந்த இருவரையும் ஒருவராகக் குழப்பிவிடுகிறார்கள், கவனமாக இருங்கள்.

இத்தனை தொழில் நடந்த இடத்தில் ஆற்றைக் கடக்க ஓடம்தான் வழி. பாலம் வேண்டுமென்றால் மேலே இரண்டு மைல் தள்ளி பில்ட்வாஸுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் ஓடம் தரைதட்டும். பாலம் கட்டலாம் என்றால் இரண்டு தடை. செவர்ன் அந்தக் காலத்தின் பெரிய சரக்குப் பாதை. பாய்மரம் வைத்த தட்டையடிப் படகுகள் ஓயாமல் போய்வரும். ஆற்றின் நடுவே தூண் நிறுத்தினால் படகுக்கு இடைஞ்சல், பாலம் தாழ்ந்திருந்தால் பாய்மரம் இடிக்கும். ஆக நடுத்தூண் இல்லாமல், ஒரே தாவலில், உயரமாக வேண்டும். அடுத்த தடை கரை. அந்தச் சரிவுகள் நிலையானவை அல்ல. கனமான கல் வளைவின் பாரத்தை நம்பி ஏற்ற முடியாத மண்.

ஷ்ரூஸ்பரி நகரத்துக் கட்டடக் கலைஞர் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிட்சார்ட் 1773-ல் இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சனுக்கு ஒரு யோசனை எழுதினார்: இரும்பிலேயே கட்டினால் என்ன? வில்கின்சனுக்கு இரும்புப் பைத்தியம் என்றே பட்டப்பெயர், கடைசியில் தன் சவப்பெட்டியைக்கூட இரும்பில் செய்துவைத்தவர். அவருக்குச் சொல்லவா வேண்டும்! பங்குதாரர்கள் சேர்ந்தார்கள், 1776-ல் நாடாளுமன்றச் சட்டம் கிடைத்தது. நடுவில் சிலருக்குப் பயம் வந்து, கல், செங்கல், மரம் என்று வேறு திட்டம் கேட்டு விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். தேறவில்லை. திரும்ப இரும்புக்கே வந்தார்கள். 1777 நவம்பரில் வேலை தொடங்கியது. அடுத்த மாதமே பிரிட்சார்ட் இறந்துபோனார். தன் பாலத்தை அவர் பார்க்கவே இல்லை. வேலை முழுவதும் இருபத்தேழு வயது டார்பியின் தலையில் விழுந்தது. அவருக்குக் கீழே பேட்டர்ன் பட்டறையில் கிரெகரி.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

வார்ப்பிரும்பின் குணத்தை நினைவில் வையுங்கள். அமுக்கினால் மலைபோல் தாங்கும். இழுத்தால் சட்டென்று முறியும், வளைந்துகூடக் கொடுக்காது. பிரிட்சார்ட் வரைந்த வடிவம் ஏறக்குறைய அரைவட்டம்; விலா எலும்புபோல் வளைந்த ஐந்து இரும்புச் சட்டங்கள், அதாவது விலாக்கள், பக்கம் பக்கமாக நிற்க, மேலே சாலை. மேலிருந்து வரும் பாரம் முழுவதும் விலாவின் வழியாக ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டே இரண்டு கரைக்கும் இறங்குகிறது. இழுவிசை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. அப்படியானால் இரண்டு துண்டு சந்திக்கும் இடத்தில் மூட்டுக்கு என்ன வேலை? இழுத்துப் பிடிக்கிற வேலை கிடையாது. துண்டு தன் இடத்தைவிட்டு நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கழுந்தும் (நாக்குபோல் நீட்டிய நுனி) துளையும் போதும், ஆப்பு போதும், புறா வால்போல் முனை விரிந்த கூட்டு போதும்.

நம் வீட்டுக் கதவு நிலையைப் பாருங்கள். பழைய நிலையாக இருந்தால் ஆணி இருக்காது. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குபோல் செதுக்கி அடுத்த சட்டத்தின் துளையில் இறக்கி, ஆப்படித்து இறுக்கியிருப்பார்கள். அயர்ன் பிரிட்ஜிலும் அதேதான். விலாவை வார்க்கும்போதே சதுரமான ஓட்டை விட்டிருக்கிறார்கள். அதற்குள் அடுத்த துண்டு நுழைகிறது, இடைவெளியில் இரும்பு ஆப்பு. அடியில் நின்று பார்த்தால் ஆப்பின் தலை தெரிகிறது. சம்மட்டி அடியில் ஓரம் நசுங்கிய மர ஆப்பை அப்பாவின் பட்டறையில் எத்தனையோ பார்த்தவனுக்கு, அதே வடிவத்தை அங்கே இரும்பில் பார்ப்பது சொல்லத் தெரியாத ஒரு உணர்ச்சி.

போல்ட் தெரியாதவர்களும் அல்ல. இரண்டு பாதி விலா உச்சியில் வந்து சேரும் இடத்தில் போல்ட் போட்டிருக்கிறார்கள். மற்ற இடத்தில் எதற்காகத் துளைபோட வேண்டும்? வார்ப்பிரும்பில் கையால் துளைபோடுவது எவ்வளவு பாடு என்று பவுண்டரிக்காரரைக் கேளுங்கள். ரிவெட் அடிப்பதானால் சம்மட்டி அடியில் துண்டே விரிசல் விடும். இன்று நாம் சொல்லும் வெல்டிங் அப்போது இல்லை; கொல்லர் காய்ச்சி அடித்து ஒட்டும் முறை வார்ப்பிரும்புக்கு ஒத்துவராது. பேட்டர்ன் தச்சருக்கோ ஓட்டை என்பது செலவே இல்லாத பொருள்: அச்சுக்குள் ‘கோர்’ என்ற மணல் கட்டி ஒன்றை வைத்துவிட்டால் இரும்பு அந்த இடத்தை விட்டுவிட்டு ஓடும். ஆகவே இந்த மூட்டுகளை மரத்துக்கான மூட்டு என்று சொல்வதைவிட, வார்ப்புக்கு இயல்பாக வரும் மூட்டு என்று சொல்வதே சரி என்பது என் தீர்மானமான கருத்து.

அளவைச் சொன்னால் வேலை எவ்வளவு பெரிது என்று புரியும். தாவும் தூரம் 100 அடி 6 அங்குலம். மொத்த இரும்பு 378 டன்னுக்குச் சற்று மேல். சுமார் 1,700 வார்ப்புத் துண்டுகள். பாதி விலா ஒன்று ஏறக்குறைய 70 அடி நீளம், ஐந்தரை டன்னுக்கு மேல் எடை. தரையில் மணலைப் பரப்பி, திறந்த அச்சில், உருகிய இரும்பை ஓடவிட்டு வார்த்தது. மூடாத அச்சு என்பதால் மணலில் படிந்த பக்கம் ஒழுங்காகவும், காற்றைப் பார்த்த பக்கம் கரடாகவும், குமிழி வெடித்த சிறு குழிகளோடும் இருக்கும். அப்பாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அடிக்கு அரைக்கால் அங்குலம் என்றால் 70 அடிக்கு எட்டே முக்கால் அங்குலம். ஒரு சாண் அளவுக்கு அந்த விலா ஆறும்போதே குறுகியிருக்கும்! அதற்கு முன் உலகில் யாரும் பாலத்துக்காக இவ்வளவு பெரிய துண்டை வார்த்ததில்லை. யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்?

அதனால்தான் இந்த விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாலத்தைத் துண்டு துண்டாக அளந்து பார்த்த ஆய்வில், சுமார் 70 சதவீதத் துண்டுகள் அந்தந்த இடத்துக்கென்று தனித்தனியாக வார்த்தவை என்று தெரிந்தது. பெரிய துண்டுகள் எல்லாமே அப்படித்தான். ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு துண்டுகள் சில சென்டிமீட்டர் வித்தியாசப்படுகின்றன. ஒரே அச்சில் நூறு துண்டு எடுத்து அடுக்கிய தொழிற்சாலைப் பொருள் என்று நாம் நினைப்போம். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் அளவெடுத்துத் தைத்த சட்டை.

இதை எப்படி ஆற்றின் மேல் தூக்கி நிறுத்தினார்கள் என்பது இருநூறு வருடத்துக்கும் மேலாகப் புதிர். அவ்வளவு படம் வரைந்தார்கள், எல்லாம் கட்டி முடித்த பிறகு வரைந்தவை. வில்லியம் வில்லியம்ஸ் என்ற ஓவியருக்கு 1780-ல் டார்பி பத்து கினி (அந்தக் காலத் தங்கக் காசு) கொடுத்து வரைய வைத்த படமும் அப்படித்தான். 1997-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு சின்ன நீர்வண்ணப் படம் கிடைத்தது. எலியாஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் நாட்டு ஓவியர் பாலம் பாதி எழுந்து நிற்கும்போது அங்கே இருந்திருக்கிறார். ஆற்றுப் படுகையில் ஊன்றிய உயரமான மரக்கம்பங்கள், அவற்றையே பளுதூக்கியாக வைத்து விலாவைத் தூக்கும் காட்சி. கீழேயிருந்து மேல்வரை சாரம் கட்டி ஆற்றை அடைத்துவிடவில்லை. படகு போக வழி இருந்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு 2001-ல் ஒரு பிபிசி நிகழ்ச்சிக்காகப் பாதி அளவில் பாலத்தின் முக்கியப் பகுதியைக் கட்டிப் பார்த்தார்கள். முறை வேலை செய்தது. நிஜப் பாலத்தில் முதல் விலா 1779 ஜூலை தொடக்கத்தில் ஏறியது, அந்தக் கோடைக்குள் இரும்பு வளைவு முழுவதும் எழுந்துவிட்டது. பாதைகள் முடிந்து 1781 ஜனவரி 1 அன்று வண்டிகள் ஓடத் தொடங்கின.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போட்ட மதிப்பீடு சுமார் 3,200 பவுண்டு. ஆனது ஏறக்குறைய 6,000 என்று கணிக்கிறார்கள். மிஞ்சுகிற செலவு டார்பியுடையது என்று ஒப்பந்தம். அவர் 1789-ல் முப்பத்தெட்டு வயதில் இறக்கும்வரை கடன் தீரவில்லை. ஊருக்கு மட்டும் வாழ்வு வந்தது: பங்குதாரர்கள் பாலத்துக்கு எதிரே விடுதி கட்டினார்கள், கடைத்தெரு வந்தது, பாலத்தின் பெயரே ஊரின் பெயராகி இன்றும் அந்த ஊர் அயர்ன்பிரிட்ஜ்தான். சுங்கச் சாவடியில் பழைய கட்டணப் பலகை இன்னும் இருக்கிறது. நடந்து போகிறவருக்கு அரை பென்னி, ஆறு குதிரை பூட்டிய வண்டிக்கு இரண்டு ஷில்லிங். கீழே ஒரு குறிப்பு: இது தனியார் சொத்து, படைவீரர், தபால் வண்டி, அரச குடும்பம் யாரானாலும் சுங்கம் கட்ட வேண்டும்.

"எப்படி நிற்கிறது?" என்ற கேள்வி பாக்கி. 1795 பிப்ரவரியில் செவர்னில் பெருவெள்ளம். ஆற்றின் மற்ற பாலங்கள் ஒன்று தப்பாமல் அடிபட்டன, பில்ட்வாஸ் பாலம் போயே போய்விட்டது. பல தூண் வைத்த கல்பாலம் வெள்ளத்துக்கு அணைபோல் குறுக்கே நிற்கும், தண்ணீர் ஏறி ஏறித் தள்ளிவிடும். அயர்ன் பிரிட்ஜுக்கு நடுத்தூணும் இல்லை, உடம்பும் வெறும் சட்டம். தண்ணீர் அதன் வழியே போய்விட்டது. சேதமின்றி நின்ற ஒரே பாலம் அதுதான். இரும்புப் பாலத்தைப் பற்றி நாட்டுக்கு நம்பிக்கை வந்தது அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் என்று சொல்லலாம். பில்ட்வாஸில் புதிதாகக் கட்டிய பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டும் 1796-ல் இரும்பையே எடுத்தார். 130 அடி தாவலை 173 டன்னில் முடித்தார். நீளம் கூட, இரும்பு பாதிக்கும் குறைவு. அயர்ன் பிரிட்ஜில் தேவைக்கு மிக அதிகமாக இரும்பு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. முன்மாதிரி இல்லாதவன் பயந்து கூடுதலாகத்தான் போடுவான். அந்தக் கூடுதல்தான் அதன் ஆயுளுக்கும் ஒரு காரணம்.

ஆனால் சிக்கல் இல்லாமல் நின்றது என்று நினைக்க வேண்டாம். கல்லூரியில் வளைவு கரையை வெளியே தள்ளும் என்று படித்திருப்பீர்கள். இங்கே நடந்தது நேர் எதிர். இரண்டு சரிவும் நழுவி ஆற்றை நோக்கி வந்து பாலத்தை நடுவில் வைத்து நெருக்கின. திறந்த சில வருடத்துக்குள்ளேயே கரையோரக் கல்கட்டில் விரிசல். 1802-ல் தென்கரைக் கல்கட்டைப் பிரித்து மரத்தாலான சிறு வளைவுகள் வைத்தார்கள், 1820-களில் அவையும் இரும்பாயின. வார்ப்புத் துண்டுகளிலும் அங்கங்கே விரிசல் உண்டு. பட்டை போட்டுக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். 1934-ல் வண்டிகளுக்கு மூடினார்கள், நடப்பவரிடம் சுங்கம் 1950 வரை இருந்தது. நெருக்கும் கரையை நிறுத்த 1970-களின் முற்பகுதியில் ஒரு அருமையான வேலை செய்தார்கள்: ஆற்றுப் படுகைக்கு அடியில், இரண்டு கரைத்தாங்கிகளுக்கும் நடுவே, தலைகீழ் வளைவாகக் கான்கிரீட் போட்டார்கள். மேலே இரும்பு வளைவு, தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கவிழ்த்துப்போட்ட கான்கிரீட் வளைவு. இன்று கரையின் தள்ளலை வாங்குவது அது.

"உலகின் முதல் இரும்புப் பாலம்" என்று தேர்வில் எழுதாதீர்கள். சீனாவில் இரும்புச் சங்கிலித் தொங்குபாலங்கள் பல நூற்றாண்டு மூத்தவை. பிரான்சின் லியோனில் 1755-ல் இரும்பு வளைவு தொடங்கி, செலவு தாங்காமல் விட்டார்கள். இங்கிலாந்திலேயே கர்க்லீஸ் மாளிகைத் தோட்டத்தில் 1769-ல் தேனிரும்பில் (அடித்து வளைக்க முடிகிற இரும்பு) ஒரு நடைபாலம் வந்துவிட்டது. "வார்ப்பிரும்பில் கட்டிய முதல் பெரிய பாலம்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். 1986-லேயே பள்ளத்தாக்கு முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

படம் தேடும்போது ஒன்று கவனியுங்கள். பழைய புகைப்படங்களில் பாலம் நீலச்சாம்பல் நிறம். 2017-18-ல் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு 36 லட்சம் பவுண்டில் பழுதுபார்த்தபோது, ஆதியில் பூசிய நிறம் கருஞ்சிவப்பு என்று கண்டுபிடித்து அதையே மறுபடி பூசினார்கள். ஆகவே சிவப்பாகத் தெரியும் படங்கள்தான் புதியவை. அதில் பெரிதாக்கிப் பார்த்தால், வளைவின் வெளி விலாவில் வார்ப்பிலேயே எழுந்த எழுத்து தெரியும்: இந்தப் பாலம் கோல்புரூக்டேலில் வார்க்கப்பட்டு நிறுத்தப்பட்டது என்று சொல்லி, 1779 என்ற ஆண்டு ரோமன் எண்ணில். ஆள் பெயர் ஒன்றும் இல்லை. எழுத்தைத் தாண்டி சாலைத் தளத்துக்குக் கீழே உள்ள பெரிய வட்டங்களுக்கும், நெளிந்த வளைவுகளுக்கும் போங்கள். அவை விலாவைத் தொடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், கிரெகரியின் கழுந்தும் ஆப்பும் அங்கேதான் இருக்கின்றன.